சோட்டோ போன குளிர்காலம்: யாங்கீஸ் செய்தது சரிதானா?

"2024-இல் அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் வரை வந்த நியூயார்க் யாங்கீஸ், நட்சத்திர மட்டையாளர் ஹுவான் சோட்டோவை அதே ஊர் மெட்ஸ் அணியிடம் பறிகொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்தது. இது சரியான முடிவா? தினமும் ஒரு டிரேட் (வீரர் பரிமாற்ற) வதந்தி வருகிறதே, அதில் எதை நம்புவது? நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். அடிப்படையிலிருந்தே சொல்லுங்கள்" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பணத்தைப் பிரித்தது சரி. பிரித்த விதத்தில் ஓர் இடத்தில் பெரிய தவறு நடந்தது. அந்த டிசம்பரில் அதிகக் கைதட்டல் விழுந்ததும் அந்த இடத்துக்குத்தான். ஒரு முழு சீசன் முடிந்த பிறகு இதைச் சொல்வது எளிது என்பீர்கள். ஆனால் அப்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டிய ஓர் அறிகுறி இருந்தது. டிரேட்டில் வருகிற வீரர் எவ்வளவு பெரிய பெயர் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். விற்கிற அணிக்கு விற்றே ஆகவேண்டிய கட்டாயம் இருந்ததா என்பதைப் பலர் பார்க்கவில்லை.

சரி, அடிப்படைக்கு வருவோம். ஐபிஎல் ஏலத்தை மனதில் வைத்துக்கொண்டு பேஸ்பாலைப் பார்த்தால் குழப்பம்தான் வரும். அங்கே ஒரு மேடை, ஒரு சுத்தியல், எல்லா அணிக்கும் ஒரே அளவு பணப்பை. இரண்டே நாளில் கதை முடிந்துவிடும். பேஸ்பாலில் ஏலமே கிடையாது. உலகத் தொடர் முடிந்த நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை பேரம் இழுத்துக்கொண்டே போகும். ஒரு வீரர் மேஜர் லீக்கில் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்) ஆறு ஆண்டு சேவை முடிக்கும் வரை, இடையில் நீண்ட ஒப்பந்தம் எதுவும் போடாவிட்டாலும், அணிக்குக் கட்டுப்பட்டவர். அதன் பிறகு ஃப்ரீ ஏஜென்ட். யாரிடம் வேண்டுமானாலும், எவ்வளவு ஆண்டுகளுக்கு வேண்டுமானாலும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சுதந்திரம் சும்மா வரவில்லை. 1969-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி கர்ட் ஃப்ளட் என்ற வீரரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியது. போகமாட்டேன் என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போய், 1972-இல் தோற்றார். மூன்று ஆண்டுகள் கழித்து, ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரண்டு பிட்சர்களின் (பந்து எறிபவர்களின்) வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் வீரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஒருவரை ஆயுளுக்கும் ஒரே அணியில் கட்டிவைக்கும் வழக்கம் அத்தோடு உடைந்தது. ஃப்ளட்டின் ஆட்ட வாழ்க்கை அதற்குள் முடிந்துவிட்டது. இன்று கோடிகளில் பேரம் பேசும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர் என்றே நான் நினைக்கிறேன்.

டிரேட் வேறு விஷயம். இரண்டு அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும், சிலசமயம் கூடவே பணமும் கை மாறும். வீரரிடம் சம்மதம் கேட்கவேண்டியதில்லை. மறுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும், அல்லது அவர் பத்து ஆண்டு சேவையும் அதில் கடைசி ஐந்தாண்டு அதே அணியிலும் முடித்திருக்கவேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லை, ஆனால் வரி உண்டு. 2025-இல் அந்தக் கோடு 24.1 கோடி டாலர். மூன்றாவது ஆண்டாகவோ அதற்கு மேலோ தொடர்ந்து அதைத் தாண்டும் அணி, அதைவிட 6 கோடிக்கு மேலும் போனால், அதற்கப்புறம் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி கட்டவேண்டும். யாங்கீஸ் நின்றது அந்த இடத்தில்தான். ஒருவருக்கு ஒரு கோடி கொடுத்தால் கையைவிட்டுப் போவது இரண்டு கோடிக்கும் மேல். அவர்களுடைய பேரத்தைப் பேசும்போது இந்தக் கணக்கை விட்டுவிட்டால் எதுவும் விளங்காது.

இப்போது சோட்டோ. 2023 டிசம்பரில் சான் டியேகோ பாட்ரேஸிடமிருந்து அவரை யாங்கீஸ் வாங்கியபோது, அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆக ஒரே ஓர் ஆண்டுதான் பாக்கி இருந்தது. அந்த ஓராண்டுக்காக மைக்கேல் கிங் உள்பட ஐந்து பேரைக் கொடுத்தார்கள். சோட்டோ ஏமாற்றவில்லை. 2024-இல் 41 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல சுவரைத் தாண்டும் அடி). நூறு முறை மட்டையோடு வந்தால் ஏறக்குறைய 42 முறை எப்படியாவது பேஸுக்கு (ரன் எடுக்க வரிசையாக ஓடித் தொடவேண்டிய இடம்) போய்விடுவார். கிளீவ்லண்டுக்கு எதிராக அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்று, மற்றது நேஷனல் லீக்) இறுதியின் ஐந்தாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், மூன்று ரன் ஹோம் ரன், அதுதான் யாங்கீஸை 2009-க்குப் பிறகு முதல்முறையாக உலகத் தொடருக்குக் கொண்டுபோனது. அந்தப் பந்து சுவரைத் தாண்டியபோது வீட்டில் எல்லோரும் தூக்கத்திலிருந்து எழும்படி நான் கத்தினேன். அதனால் அவர் போனது எனக்கு வெறும் கணக்கு இல்லை.

2024 டிசம்பர் 8 அன்று செய்தி வந்தது. மெட்ஸ் அணியோடு 15 ஆண்டு, 76.5 கோடி டாலர். விளையாட்டு உலகமே அதுவரை பார்த்திராத தொகை. ஓர் ஆண்டுக்கு முன் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி ஷோஹேய் ஒட்டானிக்குக் கொடுத்தது 70 கோடி. ஆனால் அதில் 68 கோடி பல ஆண்டுகள் கழித்துத்தான் கைக்கு வரும். சோட்டோவுக்கு அப்படித் தள்ளிப்போட்ட பணம் ஒரு டாலர்கூட இல்லை. ஐந்தாவது ஆண்டுக்குப் பின் வேண்டுமானால் விலகிக்கொள்ளும் உரிமை வேறு. யாங்கீஸ் கடைசியாக நீட்டியது 16 ஆண்டு, 76 கோடி.

ஐம்பது லட்சம் டாலர் வித்தியாசத்தில் விட்டுவிட்டார்களே என்று அப்போது நிறையப் பேர் ஆத்திரப்பட்டார்கள். அது அப்படி இல்லை. ஓராண்டு குறைவாகவும் தொகை கூடுதலாகவும் இருக்கும்போது ஆண்டுக் கணக்கில் மெட்ஸ் கொடுத்தது 5.1 கோடி, யாங்கீஸ் கொடுத்தது 4.75 கோடி. யாங்கீஸ் 80 கோடி வரை போயிருந்தாலும் மெட்ஸ் உரிமையாளர் ஸ்டீவ் கோஹன் அதற்கு மேல் போயிருப்பார் என்பது என் எண்ணம். மைதானத்தில் குடும்பத்துக்கான தனி அறையை இலவசமாகத் தர யாங்கீஸ் மறுத்தது பெரிதாகப் பேசப்பட்டது. பெரிய சம்பளம் வாங்கும் நட்சத்திரங்கள் அறை வேண்டுமென்றால் பணம் கட்டித்தான் எடுக்கிறார்கள் என்றார் பொது மேலாளர் பிரையன் கேஷ்மன். அந்த ஒரு அறைக்காக 15 ஆண்டு முடிவு மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் நடந்தவைதான் உங்கள் கேள்வியின் மையம். டிசம்பர் 10-இல் அட்லாண்டாவின் இடதுகை பிட்சர் மேக்ஸ் ஃப்ரீட் 8 ஆண்டு, 21.8 கோடிக்கு ஒப்புக்கொண்டார். 13-இல் மில்வாக்கி புரூவர்ஸிடமிருந்து குளோசர் (கடைசி இன்னிங்ஸில் முன்னிலையைக் காக்கும் பிட்சர்) டெவின் வில்லியம்ஸ் வந்தார். அவருக்காகப் போனவர்கள் நெஸ்டர் கோர்ட்டெஸ், இளம் வீரர் கேலெப் டர்பின், கூடவே கொஞ்சம் பணம். 17-இல் சிகாகோ கப்ஸிடமிருந்து கோடி பெலிஞ்சர் என்ற அவுட்ஃபீல்டர் (மைதானத்தின் பின்பகுதியில் நின்று பந்து பிடிப்பவர்), பதிலுக்கு கோடி போட்டீட் என்ற ஒரே ஒரு பிட்சர், அதற்கு மேல் கப்ஸே 50 லட்சம் டாலரும் கொடுத்தது. கிறிஸ்துமஸுக்கு முன் முதல் பேஸில் நிற்கப் பால் கோல்ட்ஷ்மிட், ஓராண்டு, 1.25 கோடி.

இந்த நால்வரின் 2025 சம்பளத்தைக் கூட்டினால் ஏறக்குறைய ஏழரைக் கோடி. சோட்டோ ஒருவருக்குக் கொடுத்திருக்கக்கூடியதைவிட அதிகம். ஆகவே மிச்சம் பிடித்தார்கள் என்ற குற்றச்சாட்டு நிற்காது. அவர்கள் மாற்றியது தொகையை அல்ல, காலத்தை. கோல்ட்ஷ்மிட்டும் வில்லியம்ஸும் ஓராண்டுப் பொறுப்பு, பெலிஞ்சர் அதிகம் போனால் இரண்டு. நீண்ட பாரம் ஃப்ரீட் ஒருவர் மட்டும்தான்.

அந்த ஃப்ரீட் ஒப்பந்தத்தைத்தான் அன்று அதிகம் பேர் சந்தேகப்பட்டார்கள். நியாயமான சந்தேகம். வயது 31 ஆகப்போகிறது. ஒரு முறை முழங்கை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. 2023-இலும் 2024-இலும் முன்கையில் வலி. அப்படிப்பட்டவருக்கு, அதுவரை எந்த இடதுகை பிட்சரும் வாங்காத மொத்தத் தொகை. நானும் ஆறு ஆண்டு போதுமே என்று நினைத்தவன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஃப்ரீட் வேகத்தை நம்பி எறிபவர் அல்ல. ஏழு விதமான பந்துகளை மாற்றி மாற்றிப் போட்டு, மட்டையின் நடுப்பகுதியில் படாமல் பார்த்துக்கொள்பவர். 2021 உலகத் தொடரை முடித்த ஆட்டத்தில் ஹூஸ்டனுக்கு எதிராக ஆறு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் எறிந்தது அப்படித்தான். வேகம் வயதோடு குறையும். இந்த வித்தை அவ்வளவு சீக்கிரம் குறையாது.

2025 மார்ச்சில் அணியின் முதன்மைப் பிட்சர் கெரிட் கோலுக்கு முழங்கை அறுவை சிகிச்சை என்று செய்தி வந்தது, சீசன் முழுக்க அவர் இல்லை. இன்னொரு பிட்சர் லூயிஸ் கில்லும் தோள்புறத் தசைக் காயத்தால் ஆகஸ்ட் வரை வரவில்லை. அப்போது ஃப்ரீட் இல்லாமல் போயிருந்தால் அந்த அணி கோடை வரைகூடத் தாக்குப்பிடித்திருக்காது. 19 வெற்றி, 5 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த சராசரி 2.86 ரன். எட்டாவது ஆண்டில் இந்த ஒப்பந்தம் கசக்கலாம். முதல் ஆண்டிலேயே அது தன் வேலையைச் செய்துவிட்டது.

பெலிஞ்சர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த டிரேட் இது, ஏனென்றால் பேரத்தின் உள்வேலை இதில் பளிச்சென்று தெரிகிறது. அந்தக் குளிர்காலத்தில் வதந்திகளின் நாயகன் ஹூஸ்டனின் அவுட்ஃபீல்டர் கைல் டக்கர். சோட்டோ போன இடத்துக்கு யாங்கீஸ் அவரைக் கேட்கிறது, லூயிஸ் கில்லைக் கொடுக்கத் தயார் என்றெல்லாம் செய்திகள் வந்தன. டிசம்பர் 13 அன்று டக்கர் சிகாகோ கப்ஸுக்குப் போனார். விலை, ஐசக் பரேடஸ், ஹேடன் வெஸ்னெஸ்கி, அப்புறம் கேம் ஸ்மித் என்ற இளம் மட்டையாளர். யாங்கீஸ் ரசிகர்கள் முகம் தொங்கிவிட்டது. எனக்கு அந்த நிமிடமே தோன்றியது, இனி கப்ஸ் என்ன செய்யும்? அவர்களிடம் அவுட்ஃபீல்டர்கள் அதிகமாகிவிட்டார்கள். பெலிஞ்சருக்கு 2.75 கோடி சம்பளம். அவரை வைத்திருக்க இடமும் இல்லை, மனமும் இல்லை. அது உலகத்துக்கே தெரியும். நான்கே நாளில், 2019-இல் நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியவர், ஒரு சாதாரண பிட்சருக்குப் பதிலாக வந்தார்.

அன்று எழுந்த எதிர்வாதம், "டாட்ஜர்ஸே 2022 முடிவில் கைவிட்ட ஆள், பந்தைப் பலமாக அடிப்பதில்லை" என்பது. அது பாதி உண்மை. முன்போல் பந்து மட்டையிலிருந்து சீறிப் பாய்வதில்லை. ஆனால் பெலிஞ்சர் இடதுகை மட்டையாளர், வலது பக்கம் தூக்கி அடிப்பவர். யாங்கி ஸ்டேடியத்தில் வலது பக்கச் சுவர் கிட்டத்தில் இருக்கிறது. சிகாகோவில் கேட்ச் ஆகிற பந்து அங்கே ஹோம் ரன் ஆகலாம். 2025-இல் 29 ஹோம் ரன், தன் அடிகளால் அணிக்கு 98 ரன் வரவைத்தார். அவருடைய அப்பா கிளே பெலிஞ்சரும் 1999, 2000 உலகத் தொடர் வென்ற யாங்கீஸ் அணியில் இருந்தவர். அப்பா விளையாடிய அணிக்கு மகன் வந்து ஆடியதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இதில் எண்ணிக்கைக்குள் வராத ஒன்றும் இருக்கிறது. 2024 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம் நினைவிருக்கிறதா? 5-0 என்று முன்னிலை. ஐந்தாவது இன்னிங்ஸில் அணியின் பெரிய நட்சத்திரம் ஆரன் ஜட்ஜ் கைக்கு வந்த கேட்சை விட்டார். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்பவர்) வோல்பி தவறாக எறிந்தார். கோல் முதல் பேஸுக்கு ஓடவே இல்லை. ஐந்து ரன்னும் போய், ஆட்டம் 7-6 என்று முடிந்து, கோப்பை லாஸ் ஏஞ்சலிஸ் போனது. அந்த அணிக்குத் தேவைப்பட்டது இன்னொரு பெரிய மட்டை மட்டுமல்ல, பந்தைப் பிடிக்கிற கைகளும்தான். சோட்டோ மட்டையில் மேதை, வலது ஃபீல்டில் சாதாரணம். பெலிஞ்சர் அவுட்ஃபீல்டின் மூன்று இடத்திலும் நிற்பார், முதல் பேஸிலும் நிற்பார். சோட்டோ போனதால் ஜட்ஜ் தன் பழைய வலது ஃபீல்டுக்குத் திரும்பினார். நடுவில் நின்றவர் டிரெண்ட் கிரிஷம். 2023-இல் சோட்டோவோடு ஒட்டுச் சரக்காக வந்த அதே கிரிஷம், 2025-இல் 34 ஹோம் ரன் அடித்தார். இதை யாரும் எதிர்பார்க்கவில்லை, நானும்தான்.

கோல்ட்ஷ்மிட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 37 வயது, 2022-இல் நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த வீரர், முதல் பாதியில் நன்றாக ஆடினார், பிறகு தளர்ந்தார், இடதுகை பிட்சர்களைக் கடைசி வரை வெளுத்தார். கிறிஸ்டியன் வாக்கர் ஹூஸ்டனோடு மூன்று ஆண்டுக்கு 6 கோடி வாங்கினார். பீட் அலான்சோ பிப்ரவரி வரை காத்திருந்து மெட்ஸுக்கே திரும்பினார். அவர்களோடு ஒப்பிட்டால் 1.25 கோடி ஓராண்டு என்பது தப்பில்லாத வாங்கல்.

தவறு என்று நான் சொன்னது வில்லியம்ஸ் டிரேட்டை.

அவர் மோசமான வீரர் என்பதால் அல்ல. ஏர்பெண்டர் என்று பெயர் வாங்கிய அவருடைய சேஞ்ச்அப், காற்றில் வழுக்கி எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து, உலகில் வேறு யாரிடமும் அப்படிக் கிடையாது. 2024-இல் முதுகெலும்பில் விரிசலோடு பாதி சீசன் போன பிறகும், திரும்பி வந்து சராசரி 1.25-இல் முடித்தார். அவரை வாங்கியதும் எல்லாப் பக்கமும் பாராட்டு. ஆனால் விற்றவர் யார் என்று பாருங்கள். மில்வாக்கி சிறிய ஊர், சிறிய வருமானம். நட்சத்திரங்களை ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் முன் விற்பதைப் பல ஆண்டுகளாகப் பழகியவர்கள். 2022-இல் ஜோஷ் ஹேடர் போனார். 2024 பிப்ரவரியில் கார்பின் பர்ன்ஸ் போனார். 2022-இல் பிளேஆஃப் தவறினாலும், 2023-இலும் 2024-இலும் அணி கலையாமல் மறுபடி பிளேஆஃப் போனது. வில்லியம்ஸையும் ஒரு வருடம் பாக்கி இருக்கும்போது விற்றார்கள். அதில் பதற்றமே இல்லை. கப்ஸ் போல இடத்தைக் காலி செய்ய விற்கவில்லை, தங்களுக்கு வேண்டியவரைக் கேட்டு வாங்கிக்கொண்டு விற்றார்கள். அப்படிப்பட்ட அணி ஒரு பெயர் தெரியாத 24 வயது இன்ஃபீல்டரை (பேஸ்கள் பக்கம் நிற்பவரை), அதாவது டர்பினை, குறிப்பாகக் கேட்டபோது, யாங்கீஸ் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கவேண்டும்.

டர்பின் உயரம் ஐந்தடி ஆறங்குலம். மட்டையில் பந்தைத் தவறவிடுவது அபூர்வம், ஓட்டம் வேகம். அந்த நேரத்தில் யாங்கீஸிடம் எந்த இடம் காலி? இரண்டாவது பேஸில் நின்ற கிளெய்பர் டோரஸ் ஃப்ரீ ஏஜென்ட் ஆகியிருந்தார், பிறகு டெட்ராய்ட் போய்விட்டார். ஜாஸ் சிசம் மூன்றாவது பேஸிலிருந்து இரண்டாவது பேஸுக்கு மாறினார். மூன்றாவது பேஸில் நிற்க ஆளில்லை. டர்பின் மில்வாக்கியில் போய் நின்றது அந்த மூன்றாவது பேஸில்தான். நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் வந்தார். யாங்கீஸ் பக்கம் என்ன ஆயிற்று? மே மாதம், மூன்றாவது பேஸில் நின்றுகொண்டிருந்த ஓஸ்வால்டோ கப்ரேராவின் கணுக்கால் உடைந்தது. சிசம் மறுபடி மூன்றாவது பேஸுக்குப் போனார். ஜூலையில் கொலராடோவிடமிருந்து ரையன் மெக்மேஹனை வாங்க வேறு இளைஞர்களைக் கொடுக்கவேண்டி வந்தது. கையில் இருந்த சாவியைக் கொடுத்துவிட்டு, அதே பூட்டுக்கு இன்னொரு சாவியை விலைக்கு வாங்கியதுபோல.

வில்லியம்ஸ் ஏப்ரல் முடிவதற்குள் குளோசர் வேலையை இழந்தார். சராசரி 4.79. ஜூலை கடைசியில் பிட்ஸ்பர்க்கிடமிருந்து டேவிட் பெட்னரை வாங்கி அந்த இடத்தில் நிறுத்தினார்கள். வில்லியம்ஸ் செப்டம்பரிலும் அக்டோபரிலும் நன்றாகவே எறிந்தார், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அரை நூற்றாண்டாக இருந்த தாடிக் கட்டுப்பாட்டை யாங்கீஸ் 2025 பிப்ரவரியில் தளர்த்தியதிலும் அவருக்குப் பங்குண்டு. சீசன் முடிந்ததும் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் மெட்ஸுக்குப் போய்விட்டார்.

கோர்ட்டெஸை இழந்ததில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன், மனதுக்குப் பிடித்த ஆள். ஆனால் 2025 மார்ச் 29-ஐப் பாருங்கள். யாங்கி ஸ்டேடியம், சீசனின் இரண்டாவது ஆட்டம், எதிரணி மில்வாக்கிக்காக எறிய வந்தவர் அதே கோர்ட்டெஸ். முதல் பந்து, கோல்ட்ஷ்மிட் ஹோம் ரன். இரண்டாவது பந்து, பெலிஞ்சர் ஹோம் ரன். மூன்றாவது பந்து, ஜட்ஜ் ஹோம் ரன். யாங்கீஸுக்காக அன்று முதல்முறை எறிந்தவர் ஃப்ரீட். ஆட்டம் 20-9, ஒன்பது ஹோம் ரன். அந்தக் குளிர்காலத்தின் பேரங்கள் எல்லாம் ஒரே மைதானத்தில் எதிரெதிரே வந்து நின்ற நாள் அது.

வதந்திகளை எடைபோடுவது பற்றிக் கேட்டீர்கள். செய்தியில் வருகிற வினைச்சொல்லைக் கவனியுங்கள். "ஆர்வம் காட்டுகிறது", "விசாரித்தது" என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். முப்பது அணிகளும் எல்லோரையும் விசாரிக்கும், அது அவர்கள் வேலை. இப்படிப்பட்ட செய்தியைப் பெரும்பாலும் ஏஜென்ட் கசியவிடுவார், வாங்க இன்னொருவர் இருக்கிறார் என்று காட்ட. சோட்டோவின் ஏஜென்ட் ஸ்காட் போராஸ் இந்தக் கலையில் கரைகண்டவர். இரண்டு பக்கத்து வீரர்களின் பெயரும் சேர்ந்து வந்தால் பேச்சு உண்மையிலேயே நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். "உடல் பரிசோதனை பாக்கி" என்றால் பெரும்பாலும் முடிந்தது.

பெரும்பாலும்தான். 2022 டிசம்பரில் கார்லோஸ் கொரெயா சான்பிரான்சிஸ்கோவோடு 13 ஆண்டு, 35 கோடிக்கு ஒப்புக்கொண்டார். பரிசோதனையில் பழைய கணுக்கால் காயத்தைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். மெட்ஸ் 31.5 கோடிக்கு வந்தது, அவர்களும் அதே காரணத்தால் நின்றார்கள். கடைசியில் பழைய மினசோட்டாவுக்கே 20 கோடிக்குப் போனார். அதே மாதம் ஜட்ஜ் சான்பிரான்சிஸ்கோ போகிறார் என்று பெயர்பெற்ற நிருபர் ஒருவரே எழுதினார், சில நிமிடத்தில் திரும்பப் பெற்றார். 2023-இல் ஒட்டானி டொராண்டோவுக்குப் பறந்துகொண்டிருக்கிறார் என்று ஒரு தனி விமானத்தை நாடே வரைபடத்தில் பின்தொடர்ந்தது. இறங்கியவர் ஒரு தொழிலதிபர். மறுநாள் ஒட்டானி டாட்ஜர்ஸில் சேர்ந்தார்.

வீரருக்கு மறுக்கும் உரிமை இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க கார்டினல்ஸின் மூன்றாவது பேஸ் ஆட்டக்காரர் நோலன் அரெனாடோ யாங்கீஸுக்கு வருகிறார் என்று பேச்சு, பிட்சர் மார்கஸ் ஸ்ட்ரோமனைக் கொடுத்து வாங்கலாம் என்றார்கள். அரெனாடோவின் ஒப்பந்தத்தில் மறுக்கும் உரிமை உண்டு. ஹூஸ்டனுக்குப் போகமாட்டேன் என்று அவர் சொன்னதும் அந்த டிரேட் கலைந்தது, ஹூஸ்டன் வாக்கரைப் பிடித்துக்கொண்டது. அரெனாடோ 2025 முழுக்க செயின்ட் லூயிஸில்தான் ஆடினார். யாங்கீஸின் மூன்றாவது பேஸ் காலியாகவே இருந்தது.

இனி முடிவுகள். 2025-இல் யாங்கீஸ் 94 வெற்றி. மொத்தம் 849 ரன், 274 ஹோம் ரன், இரண்டிலும் முப்பது அணிகளில் முதலிடம். சோட்டோ இல்லாமல்தான் இது. மெட்ஸ் ஜூன் நடுவில் எல்லா அணிகளுக்கும் மேலே இருந்து, அப்புறம் சரிந்து, கடைசி நாளில் மயாமியிடம் தோற்று பிளேஆஃபே போகவில்லை. அது சோட்டோவின் குற்றம் அல்ல. 43 ஹோம் ரன், 38 திருட்டு பேஸ் (யாரும் அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), அவர் தன் பங்கை முழுசாகச் செய்தார். எறிய ஆளில்லாமல் போனது அந்த அணிக்கு.

"ஆனால் யாங்கீஸும் டொராண்டோவிடம் நான்கு ஆட்டத்தில் தோற்று வெளியே போனதே" என்று என் மைத்துனர் இன்றும் வாதாடுவார். உண்மை. இரண்டாவது ஆட்டத்தில் ஃப்ரீட் மூன்று இன்னிங்ஸில் ஏழு ரன் கொடுத்தார், பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்த டொராண்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டானியைக் கேட்டுக் கிடைக்காதவர்கள், சோட்டோவைக் கேட்டும் கிடைக்காதவர்கள். இரண்டு குளிர்காலம் கை நழுவியதை எல்லோரும் பார்த்தார்கள். அதே அணிதான் 2025 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைப் பதினோராவது இன்னிங்ஸ் வரை இழுத்தது. யாங்கீஸ் உட்பட எதிரே வந்தவர்களைச் சாய்த்தது பெரும்பாலும் மட்டையில் பந்தைத் தவறவிடாத ஆட்டக்காரர்களால். டர்பினும் அதே ரகம். சோட்டோ போனதில் எனக்கு இப்போது வலி இல்லை, டர்பின் போனதில் இருக்கிறது.